இழுத்த பீரங்கியைத் திருப்பி இழுத்த இரவுகள்

(டியன் பியன் பூ வெற்றி நாளையொட்டி நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு எடுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அத்தனையையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரத்தை வீணாக்காமல் விடயத்துக்கு வருகிறேன்.

போன வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, மேல்கணக்குத் தலைவி அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், முன்னுக்கு வச்ச காலைப் பின்னுக்கு எடுத்தா அது தோல்விதானே? அப்புறம் நம்மள யாரு மதிப்பாங்க?" நாம் ஒரு வேலை நிறுத்தத்தைத் தள்ளிவைத்திருந்த நேரம் அது. அன்றைக்கு அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவள். வீட்டுக்குப் போய் வரலாற்றிலேயே தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த பதில் வியட்நாமில் இருந்தது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது ஒரு போரைப் பற்றி. நமது நாடு போரைப் பார்த்துப் பட்டுத் தீர்ந்த நாடு. துப்பாக்கியைப் புகழ நான் வரவில்லை. அந்தப் போரில் மூட்டை சுமந்தவர்களைப் பற்றியும், முடிவெடுக்க வேண்டியவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதைப் பற்றியும் பேசத்தான் வந்தேன்.

பிரெஞ்சுக்காரர் 1858ஆம் ஆண்டு டா நாங் துறைமுகத்தைத் தாக்கி வியட்நாமுக்குள் வந்தார்கள். அடுத்த 35 வருடங்களுக்குள் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றையும் பிடித்து, எல்லாவற்றையும் சேர்த்து இந்தோசீனா என்று பெயர் வைத்தார்கள். தெற்கே செம்மண் காடுகளை வெட்டி இறப்பர்த் தோட்டங்கள் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே? வடக்கில் பஞ்சம் பிடித்த கிராமங்களுக்கு ஆள் கட்டுகிறவர்களை அனுப்பினார்கள். நல்ல சம்பளம், நல்ல வீடு, மூன்று வருடத்தில் ஊர் திரும்பலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறது, இல்லையா? நாம் கங்காணி என்கிறோம், அவர்கள் "காய்" என்றார்கள். அடியும் மலேரியாவும் ஒன்றுதான்.

அப்படியொரு தோட்டம் பூ ரியெங். டயர் செய்யும் மிஷலின் கம்பனிக்குச் சொந்தமானது. 1930ஆம் ஆண்டு, அவர்களுடைய புத்தாண்டான டெட் பண்டிகை நேரத்தில், அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தோட்டத்தைச் சில நாட்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் டிரான் டூ பின். ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவரைப் பிடித்துச் சிறைத் தீவுக்கு அனுப்பினார்கள். அதே மனிதர் 1945இல் ஹனோய் நகரத்தில் மக்கள் எழுச்சியை வழிநடத்தியவர்களில் ஒருவர். 1948இல் வியட்நாம் மக்கள் படையில் ஜெனரலாக உயர்ந்தார். இறப்பர் மரம் வெட்டியவர் ஜெனரல் ஆனார். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்தப் படை எப்படிப்பட்டவர்களால் ஆனது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும், 1945 செப்டம்பர் 2ஆம் திகதி ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் விடவில்லை. திரும்பி வந்தார்கள். 1946 டிசம்பரில் ஹனோயில் பெரும் சண்டை மூண்டது. அது ஏழு வருடத்துக்கு மேல் இழுத்தது. அமெரிக்கா பணமும் விமானமும் கொடுத்துப் பிரான்சைத் தாங்கியது. வியட்நாமுக்குச் சீனாவிலிருந்து பீரங்கியும் லொறியும் ஆலோசகர்களும் வந்தார்கள். இதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சீன எல்லைக்கு வந்த பீரங்கி தானாக மலை ஏறிப் போகாது. அந்த மலையேற்றம்தான் நமது கதை.

1953 மே மாதம் நவார் என்ற ஜெனரல் பிரெஞ்சுப் படைக்குப் பொறுப்பாக வந்தார். அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, லாவோஸ் எல்லைக்குப் பக்கத்தில், டியன் பியன் பூ என்ற பள்ளத்தாக்கில் பரசூட் படையினரை இறக்கினார். ஹனோயிலிருந்து வானத்தால் போனால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். நடுவில் வயல், சிறிய ஆறு, விமான ஓடுபாதை. சுற்றிவர மலை. அங்கே பெரிய கோட்டை கட்டினால் வியட்நாம் படை அதை அடிக்க வரும், வந்தால் பீரங்கியாலும் விமானத்தாலும் அழித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

ஹோ சி மின்னை அந்த நாட்களில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சந்தித்தார். டியன் பியன் பூ என்றால் என்ன என்று கேட்டார். ஹோ சி மின் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் தலைகீழாக வைத்தார். விளிம்பைத் தடவிக் காட்டி, இதுதான் மலை, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்றார். குழிக்குள் கையை விட்டு, இங்கே பிரெஞ்சுக்காரர், அவர்களால் வெளியே வர முடியாது என்றார்.

பிரெஞ்சுத் தளபதிகளும் மலை இருப்பதை அறியாதவர்கள் அல்ல. ஆனால் அந்த மலைக்குப் பீரங்கியைக் கொண்டுபோக எவராலும் முடியாது, கொண்டுபோனாலும் அத்தனை ஆயிரம் பேருக்கு மாதக்கணக்கில் சோறு கொடுக்க முடியாது என்று நினைத்தார்கள். சுமக்கிறவர்களை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

வியட்நாம் படையின் தளபதி வோ நுயென் கியாப். அவரும் என் தொழில்காரர்தான். ஹனோயில் ஒரு தனியார் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர். மனைவி பிரெஞ்சுக்காரரின் சிறையில் இறந்துபோனார். அந்த ஆசிரியர் சண்டையைப் பற்றி யோசிக்கும் முன் அரிசியைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. 1952இல் அதே வடமேற்கு மலைப் பகுதியில் நடந்த சண்டையில் அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். தோளில் சுமந்து போனால், போர்முனைக்கு 1 கிலோ அரிசி போய்ச் சேர, சுமப்பவர்கள் வழியில் சாப்பிட 24 கிலோ அரிசி வேண்டும். எவ்வளவு தூரம் என்றால், அரிசி கொடுத்த தான் ஹோவா மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கை மாற்றியது சைக்கிள். பிரான்சில் செய்த பழைய சைக்கிள்கள்தான் அதில் நிறைய. ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கைப்பிடியில் நீளமாக ஒரு மூங்கிலைக் கட்டினால் பக்கத்தில் நடந்துகொண்டே திருப்பலாம். இருக்கைக்குப் பின்னால் இன்னொரு மூங்கிலைச் செங்குத்தாகக் கட்டினால் சாயாமல் பிடிக்கலாம். டியூப் வெடிக்காமல் இருக்க, கிழிந்த காற்சட்டையையும் பழைய துணியையும் டயருக்குள் சுற்றினார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோ. பழகியவர்கள் 300 கிலோவும் தள்ளினார்கள். 18 கிலோவை முதுகில் சுமந்து மலையிலிருந்து இறங்கும்போது நம் கால் என்ன பாடு படுகிறது என்று இங்கே இருக்கிற அக்காமாருக்குத் தெரியும். 300 கிலோவை இறக்கத்தில் பிடித்துக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வியட்நாம் அரசின் கணக்குப்படி, அந்தப் படையெடுப்புக்கு 260,000க்கும் அதிகமான பொதுமக்கள் சுமை வேலைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 21,000 சைக்கிள்கள் ஓடின. 25,000 தொன்னுக்கும் அதிகமான அரிசி திரட்டப்பட்டது. சீனாவிலிருந்து வந்த லொறிகள் 600க்குச் சற்று அதிகம். சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். தாய், மோங் போன்ற மலைச் சாதியினரும் இருந்தார்கள். பகலில் விமானம் வரும் என்பதால் காட்டுக்குள் தூக்கம், இரவில் நடை. பா டின் கணவாயில் குண்டு விழுந்து பாதை உடையும். உடைந்த இடத்தை அன்றிரவே மண்வெட்டியோடு போய் நிரப்புவார்கள். சில குண்டுகள் விழுந்த உடனே வெடிக்காமல் மணிக்கணக்காகக் கிடந்து வெடிக்கும். அதற்குப் பக்கத்திலேயே நின்று மண் அள்ளியவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? நாட்டுப்பற்று ஒரு காரணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அது காணி. அந்தச் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலானோர் நிலமில்லாத, அல்லது கைப்பிடி நிலம் வைத்திருந்த விவசாயிகள். விளைந்ததில் பாதியைக் காணிக்காரனுக்குக் குத்தகையாக அளந்தவர்கள். 1953இல் குத்தகையைக் குறைக்கும் வேலை கிராமம் கிராமமாக நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. பீரங்கி இழுத்த பிள்ளைக்கு, ஊரில் தாய்க்கு ஒரு துண்டு வயல் கிடைக்கப்போகிறது என்று தெரியும்.

இனி நம்முடைய அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

1954 ஜனவரி. பீரங்கிகள் வந்துவிட்டன. கடைசிப் பதினைந்து கிலோமீற்றருக்கு லொறி போக முடியாது. அப்படியே போனாலும் சத்தம் கேட்கும். அதனால் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். 105 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்று 2 தொன்னுக்கு மேல் நிறை. ஒன்றுக்கு நூறு பேர் வரை கயிற்றில். ஏற்றத்தில் ஓர் இழுப்புக்கு ஒரு சாண் நகரும், உடனே ஒருவர் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 200 மீற்றர் போனால் பெரிய காரியம். இரவு, குளிர், மழைச் சேறு. வெளிச்சம் காட்டக் கூடாது. இப்படி ஒரு கிழமைக்கு மேல் இழுத்தார்கள்.

திட்டம் இதுதான்: எல்லாப் பக்கத்தாலும் ஒரே நேரத்தில் பாய்ந்து, மூன்று இரவு இரண்டு பகலில் முடித்துவிடுவது. வேகமாக அடி, வேகமாக வெல். சீன ஆலோசகர்களும் அதைத்தான் சொன்னார்கள். தாக்குதல் ஜனவரி 25 என்று குறித்து, பிறகு ஒரு நாள் தள்ளி 26 மாலை என்று வைத்தார்கள். வீரர்கள் எல்லோரும் தயார். எப்போது, எப்போது என்று நிற்கிறார்கள்.

கியாப்புக்கு மனம் ஒப்பவில்லை. கோட்டை நாளுக்கு நாள் பலப்பட்டுக்கொண்டிருந்தது. தன் ஆட்கள் இவ்வளவு பெரிய அரணை அதுவரை உடைத்ததில்லை. பீரங்கிப் படையும் காலாட்படையும் சேர்ந்து இந்த அளவில் சண்டை செய்து பழகவில்லை. இரவில் காட்டில் சண்டை செய்து பழகியவர்கள், பட்டப்பகலில் வெட்டவெளி வயலில் ஓட வேண்டும், மேலே விமானம் சுற்றும். 25ஆம் திகதி இரவு முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. தலைவலி தாங்காமல் நெற்றியில் மூலிகை இலை கட்டிக்கொண்டிருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். புறப்படும்போது ஹோ சி மின் அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்திருந்தார்: வெற்றி நிச்சயம் என்றால் அடி, நிச்சயமில்லை என்றால் அடிக்காதே.

26ஆம் திகதி காலை கமிட்டியைக் கூட்டினார். கமிட்டியிலும் எதிர்ப்பு வந்தது. வீரர்களைச் சண்டைக்கு என்று உசுப்பிவிட்டாயிற்று, இப்போது மாற்றினால் அவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது என்று ஒருவர் கேட்டார். சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர், இப்போது அடிக்காவிட்டால் பிறகு அரிசி கொண்டுவருவது இன்னும் கஷ்டமாகும் என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். கியாப் திருப்பி ஒன்று கேட்டார்: நிச்சயம் வெல்வோம் என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா? ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முடிவு மாறியது. பீரங்கிகளைத் திருப்பி இழுங்கள், இனி மெல்ல, நிச்சயமாக அடிப்போம் என்று கட்டளை போனது. தன் வாழ்நாளில் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுதான் என்று கியாப் பிறகு சொன்னார்.

அந்தக் கட்டளை கயிறு பிடித்து நின்றவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்? உள்ளங்கைத் தோல் உரிய இழுத்துவந்ததை, ஒரு குண்டுகூடச் சுடாமல், அதே பாதையால் திருப்பி இழுக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. பாரம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். இதற்குள் பிரெஞ்சுக்காரரும் அந்தப் பாதைப் பக்கம் குண்டு போடத் தொடங்கியிருந்தார்கள்.

பெப்ரவரி 1ஆம் திகதி இரவு ஒரு சரிவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் கயிறு அறுந்தது. பீரங்கி பள்ளத்தை நோக்கி ஓடத் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் டோ வின் டியன், தான் ஹோவாவின் ஏழை விவசாய வீட்டுப் பிள்ளை. அவர் பாய்ந்து தன் உடம்பையே சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். பீரங்கி நின்றது. அவர் இறந்துபோனார். அந்தப் படையெடுப்பின் வீரர்களாக வியட்நாம் இன்றும் நினைக்கும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் இறந்தது முன்னேறும்போது இல்லை. பின்வாங்கும்போது. பின்வாங்கி நடந்த அந்த இரவுகளும் சண்டையின் ஒரு பகுதிதான் என்று அந்த மக்கள் எண்ணியதால்தான் அவர் பெயர் நிலைத்தது.

ஜனவரி 26இலிருந்து மார்ச் 13 வரை 46 நாட்கள். அந்த நாட்களில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு படைப்பிரிவை லாவோஸ் பக்கம் அனுப்பி, பிரெஞ்சுக்காரரின் கவனத்தை அங்கே திருப்பினார்கள். பீரங்கி போகப் புதிய பாதைகளை வெட்டினார்கள். மலையின் வயிற்றைக் குடைந்து, ஒவ்வொரு பீரங்கிக்கும் மண்ணும் மரமும் மூடிய அறை செய்தார்கள். வேறு இடங்களில் பொய்ப் பீரங்கி வைத்து விமானங்களை ஏமாற்றினார்கள். அரிசி வந்துகொண்டேயிருந்தது. முக்கியமாக, ஏன் திருப்பி இழுத்தோம் என்பதைப் படைக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கினார்கள்.

மார்ச் 13 மாலை பீரங்கிகள் முழங்கின. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வைத்திருந்தார்கள். பெயாட்ரிஸ் என்ற குன்று அன்றிரவே விழுந்தது. கப்ரியேல் அடுத்த இரண்டு நாளுக்குள். பிரெஞ்சுப் பீரங்கிப் படைக்குப் பொறுப்பான கேர்ணல் பிரோத், வியட்நாமின் எந்தப் பீரங்கியும் சில குண்டுகளுக்கு மேல் சுட விடமாட்டேன் என்று உறுதி சொல்லியிருந்தவர். மலைக்குள் இருந்த பீரங்கி ஒன்றையும் அவரால் தொட முடியவில்லை. கைக்குண்டை வெடிக்கவைத்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் முடிவதற்குள் ஓடுபாதை மூடப்பட்டது. அதன்பின் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு எல்லாம் பரசூட்டில்தான் வந்தது, அதிலும் ஒரு பகுதி மலைக்காரர் கையில் விழுந்தது.

அதற்குப் பிறகும் இலேசாக இருக்கவில்லை. மார்ச் 30 முதல் கிழக்குக் குன்றுகளுக்காக நடந்த சண்டையில் வியட்நாம் படையும் மோசமாக அடிபட்டது. ஏ1 என்று அவர்கள் பெயரிட்ட குன்று மாதம் முழுக்க விழவில்லை. ஏப்ரலில் வீரர்கள் சோர்ந்துபோனார்கள். பயமும் சலிப்பும் பரவியது. இதைக் கியாப் மறைக்கவில்லை. தாக்குதலை நிறுத்தி, கூட்டம் போட்டு, பேசிச் சரி செய்தார்கள். திரும்பவும் மண்வெட்டியை எடுத்தார்கள். 100 கிலோமீற்றருக்கு மேல் அகழி வெட்டி, எலிப் பொந்துபோல ஒவ்வொரு அடியாகக் கோட்டையை நெருங்கினார்கள். ஏ1 குன்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஏறத்தாழ ஒரு தொன் வெடிமருந்தை வைத்து, மே 6 இரவு வெடிக்கவைத்தார்கள். அடுத்த நாள், மே 7 மாலை, பிரெஞ்சுத் தளபதி டி காஸ்ட்ரி தன் பதுங்கு அறையில் பிடிபட்டார். மொத்தம் 56 நாட்கள்.

செத்தவர்களையும் சொல்ல வேண்டும். வியட்நாம் தரப்பில் இறந்தவர்கள் 4,000க்கு மேல் என்பது அவர்களுடைய அரசாங்கக் கணக்கு. பிரெஞ்சுக்காரரின் மதிப்பீடு அதைப்போல் இரண்டு மடங்கு. பிடிபட்ட கைதிகள் பத்தாயிரம் பேருக்கு மேல். காட்டு வழியே நடத்திக் கொண்டுபோனதில் நோயாலும் பசியாலும் அவர்களில் மிகப் பலர் வீடு திரும்பவில்லை. அந்தக் கைதிகள் யார்? பிரான்சில் பிறந்தவர்கள் ஒரு பகுதிதான். மொரோக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆபிரிக்கா, ஏன், வியட்நாமிலிருந்தேகூட சம்பளத்துக்கு வந்தவர்கள் நிறைய. அடிமைப்பட்ட ஒரு நாட்டு ஏழையைக் கொண்டு இன்னொரு நாட்டு ஏழையைச் சுடவைத்தார்கள். அவர்களில் சில அல்ஜீரியர்கள் ஊர் திரும்பியபோது, அங்கேயும் அதே 1954 நவம்பர் 1ஆம் திகதி சுதந்திரப் போர் தொடங்கியது.

இனி மேசைக்கு வருவோம். கோட்டை விழுந்த அடுத்த நாளே, மே 8, ஜெனிவாவில் இந்தோசீனாப் பேச்சு தொடங்கியது. ஜூலை 20, 21 அளவில் ஒப்பந்தமாகியது. பிரான்ஸ் வெளியேற ஒத்துக்கொண்டது. ஆனால் நாடு 17ஆம் அகலக்கோட்டில் இரண்டாக வெட்டப்பட்டது. வியட்நாம் தரப்பு முதலில் கேட்ட கோடு இன்னும் தெற்கே இருந்தது. பெரிய நாடுகள், அவர்களுடைய சிநேகிதர்களும் சேர்த்துத்தான், விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். 1956 ஜூலையில் நாடு முழுக்கத் தேர்தல் வைத்து ஒன்றாக்குவோம் என்று எழுதினார்கள். அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. அமெரிக்கா உள்ளே வந்தது. நாடு ஒன்றாக 1975 ஏப்ரல் 30 வரை, இன்னும் ஒரு பெரிய போர் நடக்க வேண்டியிருந்தது. 300 கிலோ சைக்கிள் தள்ளியவர் ஜெனிவா மேசையில் இல்லை.

நமது நாட்டுக்கும் அந்த ஆண்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. டியன் பியன் பூ எரிந்துகொண்டிருந்த ஏப்ரல் கடைசியில், ஐந்து ஆசிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடி இந்தோசீனாவில் போர் நிறுத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் அதே காலத்தில்தான், பிரெஞ்சுப் படையினரை இந்தோசீனாவுக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க குளோப்மாஸ்டர் விமானங்கள், இந்தியா தன் வானத்தால் பறக்க விடாததால், இலங்கையில் இறங்கிப் போயின. இன்னொன்று. அங்கே பீரங்கி இழுத்துக்கொண்டிருந்த அதே ஜனவரி மாதம் 18ஆம் திகதி, டெல்லியில் நேருவும் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கள் தாத்தா பாட்டிமாரின் குடியுரிமையைப் பற்றிய ஒப்பந்தம் அது. லயத்திலிருந்து எவரும் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. அதனால் ஜெனிவாக் கதை நமக்கு அந்நியமானது இல்லை.

வென்றவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். சுமந்தவர்களுக்குச் சொன்னபடி வடக்கில் காணி பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் அதைக் கொடுத்த விதத்தில் பெரும் அநியாயம் நடந்தது. காணிக்காரன் என்று பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, சாதாரண விவசாயிகளும் போராட்டத்தில் நின்றவர்களும்கூடக் கொல்லப்பட்டார்கள், சிறை போனார்கள். 1956 ஒக்டோபரில் கட்சியின் பிழைகளைப் பகிரங்கமாக ஒத்துக்கொண்டு பேச மக்கள் முன்னால் வந்து நின்றவர் யார் தெரியுமா? அதே கியாப். கட்சியின் பொதுச் செயலாளர் பதவி இழந்தார். இறந்தவர்கள் திரும்பி வரவில்லை. நிச்சயமில்லை என்றால் அடிக்காதே என்ற பாடத்தைப் போர்க்களத்தில் கடைப்பிடித்தவர்கள், கிராமத்தில் தங்கள் சொந்த மக்களிடம் அதை மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கும்போது நினைத்தேன்.

அக்கா, உங்களுக்கு என் பதில் இதுதான். முன்னுக்கு வைத்த காலைப் பின்னுக்கு எடுப்பது தோல்வியா என்பது, எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. 46 நாட்களும் அவர்கள் பாதை வெட்டினார்கள், அரிசி சேர்த்தார்கள். அப்படிச் செய்யாமல் காட்டில் படுத்திருந்தால் அது தோல்விதான்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லாமல் உட்கார மாட்டேன். அவர்கள் கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் காரணம் சொன்னார்கள். நாம் என்ன செய்தோம்? அறிவித்தல் பலகையில் நான்கு வரி எழுதி ஒட்டினோம். கமிட்டியில் இருந்த நானும் லயத்துக்கு வந்து, இதனால்தான் தள்ளிவைத்தோம் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர் நீங்கள். காரணம் முதலில் உங்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பிழை எங்களுடையது.

அதனால் வருகிற கிழமை, வேலை விட்டு வந்த பிறகு, கமிட்டி ஆட்கள் ஒவ்வொரு லயத்துக்கும் வருகிறோம். கேள்வி கேளுங்கள். நிச்சயமா என்று எங்களைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுவோம்.

இப்போது தேத்தண்ணி தயாராகிவிட்டது என்று தங்கச்சி கைகாட்டுகிறாள்.